அண்ணாச்சி கடை போனில் அப்பாவுக்கு வந்த பாராட்டு

அண்ணாச்சி கடை போன் ரிசீவரை காதுல வெச்சா சீரகமும் மண்ணெண்ணெயும் கலந்து ஒரு வாசனை வரும்...

திருவொற்றியூர்ல எங்க தெருவுக்கே அந்த ஒரு போன்தான். நாங்க ஒடிசாவுல இருந்து வந்த புதுசு. அப்பாவுக்கு இரும்பை வெட்டி வெல்டிங் பண்ற ஒரு ஃபேப்ரிகேஷன் யார்டுல கான்ட்ராக்ட் வேலை. தமிழ் சுத்தமா வராது. எனக்கு ஸ்கூல்லயும் தெருவுலயுமா சீக்கிரமே ஒட்டிக்கிச்சு. அதனால சூப்பர்வைசர் போன் பண்ணா பேசுறது நான்தான். அப்பா பக்கத்துல நின்னு என் முகத்தையே பார்ப்பார்.

"உங்கப்பன் இன்னா மாமியார் வூட்டுக்கா வந்துகிறான்? இன்னிக்கு வரலைன்னா கேட் பாஸை புடுங்கிடுவேன்னு சொல்லு."

கேட் பாஸ் போச்சுன்னா வேலை போச்சு. திரும்ப ஊருக்கு ரயில் ஏற வேண்டியதுதான்.

முதல் தடவை அப்படியே சொல்லிட்டேன். அன்னிக்கு அப்பா சாப்பிடல. அம்மா மேல எரிஞ்சு விழுந்தார். நானும் தம்பியும் அந்த ஒத்த ரூம்ல மூச்சு விடாம உட்கார்ந்திருந்தோம்.

அடுத்த தடவைல இருந்து மாத்திட்டேன். "நீங்க இல்லாம வேலையே நடக்கலையாம், வரச் சொல்றார்"னு ஒடியாவுல சொல்வேன். மனுஷன் காய்ச்சலோட கூட சிரிச்சுக்கிட்டே கிளம்புவார்.

ஆயுத பூஜை அன்னிக்கு மட்டும் குடும்பத்தையும் யார்டுக்குள்ள விடுவாங்க. மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், மாலை... அப்பா எங்களை நேரா சூப்பர்வைசர் முன்னாடி கொண்டு போய் நிறுத்தி, கையெடுத்து கும்பிட்டார்.

"சொந்தத் தம்பி மாதிரி என்னைப் பார்த்துக்கிறார்... நன்றி சொல்லு"ன்னார் என்கிட்ட.

எனக்கு மாத்திச் சொல்ல ஒண்ணும் தோணல. அப்படியே தமிழ்ல சொன்னேன்.

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்புறம் என்னை.

"இன்னா சொல்லி வெச்சிகிற நீ?"ன்னார் மெதுவா.

நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அவர் ஒரு பொரி பாக்கெட்டை எடுத்து அப்பா கையில கொடுத்தார். "நல்லா வேலை செய்றான்னு சொல்லு."

அதை மட்டும் மாத்தாம சொன்னேன்.

அடுத்த வாரமே பழையபடி திட்டு வந்துச்சு. ஆனா கேட் பாஸ் பேச்சு அதுக்கப்புறம் வரவே இல்ல. அந்த சூப்பர்வைசர் தங்கமான மனுஷன்னு அப்பா இன்னிக்கும் சொல்லிக்கிட்டு இருக்கார். இப்ப நல்லாவே தமிழ் பேசுவார், அதையும் தமிழ்லதான் சொல்றார்.

நான் இப்ப மணலி புதுநகர்ல, வீட்டுல இருந்தே வேலை. ஆள் குறைக்கப் போறாங்கன்னு ஆபீஸ்ல பேச்சு. மேனேஜர் லேப்டாப்புல கத்துறது முழுக்க இங்கிலீஷ். என் பொண்ணு இங்கிலீஷ் மீடியம், மூணாவது படிக்கிறா. ஒரு வார்த்தை விடாம அவளுக்குப் புரியும்.

நேத்து மீட்டிங் முடிஞ்சதும் வந்து, "அம்மா, உன் வேலை போயிடுமா?"ன்னு கேட்டா.

அப்பாகிட்ட அத்தனை பொய் சொன்ன எனக்கு, இவகிட்ட சொல்ல ஒண்ணு கூட வரல.