குமாரி வீட்டு முட்டையும் ஜெபமேரியும்

செவ்வாய்க்கிழமை காலை முட்டுக்காட்டு மீன் மாதிரிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஜெபமேரியின் கணவர். "மேரி பூட்ச்சு மேடம். அச்சரப்பாக்கத்துலதான் அடக்கம், நாலு மணிக்கு" என்றார்.

ஈரலில் புற்றுநோய். எங்கள் ஆய்வகம் அளக்கும் நஞ்சுகளால்தான் வந்தது என்று, இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களில் அவரோடு வேலை செய்த சிலர் சொன்னீர்கள். அதற்கு எங்களிடம் சான்று இல்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதினால் மேரிக்குக் கோபம் வரும்.

எங்கள் ஆய்வகத்துக்கு மாதிரி சேகரித்துத் தந்துவந்த ஒப்பந்தப் பணியாளர் அவர். பழைய பூச்சிமருந்து, குப்பை எரியும்போது உண்டாகும் டயாக்சின் போன்றவை எளிதில் அழியாமல் கொழுப்பில் தங்கிவிடும். பாலிலும் மீனிலும் முட்டையிலும் அவை எவ்வளவு சேர்ந்திருக்கின்றன என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. ஒருமுறை தாய்ப்பால் மாதிரி கேட்டுப் போன ஊரில் ஒருவரும் முன்வரவில்லை. அப்போது மேரிக்குக் கைக்குழந்தை. "மொதல்ல என்னுத எடு மேடம்" என்று எல்லோர் முன்னிலும் சொன்னார். அதன்பிறகே மற்ற பெண்கள் வந்தார்கள்.

முடிவில் மேரியின் பாலிலும் அந்த நஞ்சுகளின் அளவு அதிகமாக இருந்தது. "கொழந்தைக்குக் குடுக்கறத நிறுத்திடட்டா?" என்று கேட்டார். நிறுத்த வேண்டாம், அந்தப் பாலால் வரும் நன்மையே பெரிது என்று விளக்கினேன். "நான் இங்க வேல செய்யறதால கேட்டுக்கினேன். மத்ததுங்க யாரக் கேக்கும்?" என்றார்.

மூன்று வருடங்களுக்கு முன் மாமல்லபுரம் போகும் வழியில் ஒரு குப்பைமேட்டருகே கோழிமுட்டைகள் எடுத்தோம். அங்கே பழைய ஒயர்களை எரித்துச் செம்பு எடுப்பார்கள். குமாரி என்பவரின் கோழிகள் அந்தச் சாம்பலில்தான் மேய்ந்தன. அவர் வீட்டு முட்டையில் டயாக்சின் வரம்பைத் தாண்டி இருந்தது. அறிக்கை வெளிவரும்வரை யாரிடமும் பேசக்கூடாது என்று மேலிடம் உத்தரவிட்டது.

"அறிக்கை எப்ப வரும்?" என்று மேரி கேட்டார்.

"ஒரு வருஷம் ஆகலாம்."

"அதுவரைக்கும் குமாரி புள்ளைங்களுக்கு அவிச்சிக் குடுத்துகினே இருக்கணுமா?"

மறுநாள் மேரி தனியாகப் போய்க் குமாரியிடம் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. விசாரித்த அதிகாரி, "உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். நான் அப்படிச் சொன்னது மேரிக்குத் தெரியும். ஒருநாளும் அதைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை. அந்த அறிக்கை இன்னும் வெளிவரவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் குமாரியின் வீட்டுக்குப் போனேன். "மேரியக்கா வர்லியா?" என்றார். சொன்னேன். வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மேட்டில் புகை எழுந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "கோழிய அப்பவே வித்துட்டேன். பக்கத்து வூட்டுல இப்பத்தான் வாங்கி வுட்டுகீறாங்க. அவங்களுக்கு யாரும் சொல்லல" என்றார்.

உத்தரவு இன்னும் அமலில்தான் இருக்கிறது. மேரியிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது, வீடு தேடிப் போய்ச் சொல்லும் இந்த ஒரு வேலையை மட்டும்தான். பக்கத்து வீட்டுக்குப் போய், என் பெயரையும் ஆய்வகத்தின் பெயரையும் சொல்லி, இந்தக் கோழிகளின் முட்டையைச் சாப்பிட வேண்டாம் என்றேன்.