பத்திரமாகப் போட்ட சீர்ப்பணம்

எனக்குத் தாய்வீடு என்றால் என் தம்பி ஒருவன்தான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு, கச்சிராயபாளையத்துக்கு அப்பால் மலையடிவாரத்து ஊரில் ஓட்டு வீட்டில் தனியாக இருந்தான். கல்யாணம் ஆகவில்லை. கரும்பு வெட்டப் போவான், வெட்டு இல்லாத நாளில் கிடைத்த கூலிக்குப் போவான். நான் வாழ்க்கைப்பட்டது ரிஷிவந்தியம் பக்கம். இரண்டு ஏக்கர் நஞ்சை, வாய் நிறையப் பேச்சு. அந்த மாதிரி வீட்டில் பெண்ணைக் கொடுத்தவர்களுக்கு முதுகை நிமிர்த்த நேரமே வராது.

என் மகள் பெரியவளானதும் முதல் போன் தம்பிக்குத்தான் போட்டேன். எங்களில் மாமன் எடுத்து வரும் புடவையைத்தான் பெண் முதன்முதலாகக் கட்டுவாள். அதைக் கட்டித்தான் சடங்கன்று மனையில் உட்கார வைப்போம். அதற்குப் பிறகு ஆயிரம் புடவை கட்டலாம், முதல் புடவை மாமனுடையது.

"பதினோரு தட்டு வெச்சி மேளத்தோட வரேங்க்கா. உங்க மாமியாரு வாயப் பொளந்துக்கினு நிக்கணும்" என்றான்.

"ரொம்ப ஆடாதடா, பொடவ ஒண்ணு போதும்" என்றேன்.

கேட்கிற ஆளா அவன்? என் மாமியாரிடமே போனைக் கொடுக்கச் சொல்லி அந்தப் பதினோரு தட்டையும் சொல்லிவிட்டான்.

கரும்பு வெட்டு முடிந்த பிறகு சடங்கு என்று நாள் குறித்தோம். அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. சாப்பாட்டுக்கும் கைச்செலவுக்கும் மட்டும் கையில் வாங்கிக்கொண்டு, மீதிக் கூலியை மொத்தமாகக் கடைசியில் பேங்கில் போடச் சொல்லி மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டான். கணக்கு ஏற்கெனவே இருந்தது. ஒரு ரூபாய்கூடப் போட வேண்டாம் என்று ஊரில் பந்தல் போட்டுத் திறந்து கொடுத்த கணக்கு. அதில் காசு என்று எதுவும் தங்கியதில்லை. "கையில இருந்தா செலவு ஜாஸ்தி ஆய்டும்க்கா, பேங்க்ல பத்தரமா இருக்கும்" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தம்பிக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று மாமியார் காதில் விழும்படி இரண்டு முறை சொன்னேன்.

சடங்கு ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமையே கள்ளக்குறிச்சிக்குப் போயிருக்கிறான். முதலில் ஜவுளிக்கடையில் அரக்கு நிறத்தில் ஒரு பட்டுப் புடவையைப் பார்த்து எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் பணம் எடுக்கப் போயிருக்கிறான். மிஷின் பணம் இல்லை என்றது. மேஸ்திரி ஏமாற்றிவிட்டாரோ என்று பதறி பேங்குக்குள் போய்க் கேட்டிருக்கிறான். மேஸ்திரி போட்டிருந்தார். வந்த பணத்தை பேங்க் எடுத்துக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். போன வருஷம், வீடியோவில் மருமகள் முகத்தைப் பார்க்கலாம் என்று தவணையில் ஒரு போன் வாங்கினான். தவணைப் பணத்தை மாதம் தவறாமல் பத்தாம் தேதிவாக்கில் வசூலுக்கு வருகிறவர் கையில் கொடுத்துவிடுவான். கையில் கொடுத்தாகிவிட்டது, கதை முடிந்தது என்பதுதான் எங்கள் ஆட்களின் கணக்கு. ஆனால் கடையில் அவனிடம் வாங்கிய கையெழுத்துகளில் ஒன்று, ஐந்தாம் தேதியே பேங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு. மாதாமாதம் ஐந்தாம் தேதி தவணைக்காரர்கள் பேங்கில் கேட்டார்கள். கணக்கு காலி. காலியாக இருந்ததற்கு பேங்க் ஒரு அபராதம் போட்டது. சில மாதம் இரண்டு தடவை கேட்டார்கள், இரண்டு அபராதம். எடுக்கப் பணம் இல்லாததால் எல்லாம் பாக்கியாக நின்றது. மழையால் அந்த வருஷம் வெட்டும் கம்மி, சேர்ந்த கூலியும் கம்மி. அது கணக்கில் விழுந்த அன்றே பாக்கியில் போய்விட்டது.

"காலிக் கணக்குல இன்னாங்க எடுக்க முடியும்?" என்று கேட்டிருக்கிறான்.

"இல்லாததுக்குத்தாண்ணா எடுத்திருக்கு. உங்களுக்கு மெசேஜ் வந்திருக்குமே" என்றாளாம் கவுண்டரில் இருந்த பெண். அவள் பாவம், என்ன செய்வாள். மெசேஜ் எல்லாம் அந்தப் போனிலேயே வரிசையாக இருந்தது, இங்கிலீஷில். விளம்பரம் என்று நினைத்து விட்டிருக்கிறான்.

இல்லாதவனிடம் இல்லை என்பதற்காக வாங்குகிற அபராதத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பார்கள். கரும்பு வெட்டினவனுக்கு பேங்கே உட்கார்ந்து கணக்குப் பார்த்துக் கொடுத்துவிட்டது.

இதெல்லாம் பின்னால்தான் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குத் தெரிந்தது, தம்பியின் போன் அணைந்திருக்கிறது என்பது மட்டும். மேளக்காரர்கள் மாமன் சீரை எதிர்கொண்டு அழைக்கத் தெருமுனையில் நின்றார்கள். வெயில் ஏறியது. என் மகள் மஞ்சள் பூசிய முகத்தோடு, "மாமா எங்கம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "பதினோரு தட்டுன்னாங்களே, ஒரு தட்டயும் காணம்?" என்றார் மாமியார், எல்லோருக்கும் கேட்கும்படி. எனக்கு அங்கேயே பூமி பிளந்து விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது. கடைசியில் என் வீட்டுக்காரர் ஆள் அனுப்பி ஒரு பச்சைப் புடவை வாங்கிவரச் சொன்னார். அதை என் சித்தப்பா மகன் கையில் கொடுத்து, அவரை மாமனாக நிற்க வைத்துச் சடங்கை முடித்தோம்.

மறுநாள் பஸ் நிறுத்தத்து டீக்கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார். "உங்க தம்பி நேத்து வந்தாரும்மா. கையில பூப்பொட்டலம் வெச்சிக்கினு இங்கதான் ஒக்காந்திருந்தாரு. மேளம் அடிச்சதும் எழுந்து பஸ் ஏறிட்டாரு" என்றார்.

அடுத்த பஸ்ஸிலேயே அவன் வீட்டுக்குப் போனேன். திட்டத்தான் போனேன். அவன் முகத்தைப் பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "வெறுங்கைய வீசிக்கினு எப்டிக்கா வர்றது?" என்றான். நீ மட்டும் வந்திருந்தால் போதுமேடா என்று அழுதேன். அது அவனுக்குப் போதாது என்று எனக்கும் தெரியும்.

அதன் பிறகு ஒரு வருஷம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அடுத்த வெட்டில் வாராவாரம் கூலியைக் கையில் வாங்கிச் சேர்த்து, வெட்டு முடிந்ததும் வருகிறேன் என்று போன் செய்தான். அவன் வருவதற்கு முன் மகள் பச்சைப் புடவையில் இருக்கும், கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த சடங்குப் படத்தைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் வைத்தேன்.

அதே அரக்கு நிறத்தில் புடவை எடுத்து வந்திருந்தான். மகள் உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வந்து அவன் காலில் விழுந்தாள். "மகாலட்சுமி மாதிரி இருக்கியே பாப்பா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு அவன் பார்வை சுவருக்குப் போனது. படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது.

"மொதல்ல கட்னது இன்னா கலரும்மா?" என்று கேட்டான்.

மகள் என்னைப் பார்த்தாள். "ஞாபகம் இல்ல மாமா" என்றாள்.

அவன் சரி சரி என்று தலையை ஆட்டினான்.