படத்தில் நீ எங்கே?

பாரிவாக்கத்தில் எங்கள் குடியிருப்புக்கு வெளியே ஒரு மாடு தலையைத் தாழ்த்தினால்கூட இப்போதெல்லாம் வண்டியை நிறுத்திவிடுகிறேன். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், திட்டுவார்கள். அது போகும்வரை நான் நகர்வதில்லை. புரட்டாசியில் பிடித்த பயம் இது. இன்னும் விடவில்லை.

என் மகள் கனடாவில் மேற்படிப்புப் படிக்கிறாள். எங்களுக்கு ஒரே பெண். அங்கே போன பிறகு காட்டு விலங்குகளைப் படம் எடுக்கும் ஆசை அவளைப் பிடித்துக்கொண்டது. மூஸ் என்று ஒரு விலங்கு. மான் இனம் என்கிறார்கள், ஆனால் மான் என்றதும் நமக்குத் தோன்றும் உருவத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. குதிரையைவிட உயரம், எருமையைவிடக் கனம். தலையின் இருபுறமும் முறத்தை விரித்து வைத்ததுபோல் கொம்பு. நமது புரட்டாசி மாதம் அவற்றுக்கு இணை சேரும் பருவம். யானைக்கு மதம் பிடிப்பதுபோல ஆண் மூஸ் அப்போது வெறிபிடித்துத் திரியுமாம். சரியாகத் தின்னக்கூடச் செய்யாதாம்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னதே அவள்தான். தினமும் போனில் நான் நச்சரித்ததால் சொன்னாள். "காருக்குப் பக்கத்துலயேதான் நிப்பேன்பா. ஆணுக்கும் பொண்ணுக்கும் நடுவுல போகவே மாட்டேன். காதைப் பின்னால மடிச்சு, நாக்கால உதட்டை நக்குச்சுன்னா பாயப் போகுதுன்னு அர்த்தம். அதுக்கு முதுகு காட்டக் கூடாது. போதுமா?"

போதும் என்றுதான் நினைத்தேன்.

அவள் அனுப்பும் படங்களை நாங்கள் குடும்பக் குழுவில் போடுவோம். ஏரி, பனி, நரி, கழுகு. உறவுக்காரர்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் எழுதுவார்கள்: "சூப்பர்மா. நீ எங்கே?" எங்கள் வீட்டில் ஆள் இல்லாத படம் கிடையாது. மாமல்லபுரம் போனாலும் ஊட்டி போனாலும் கல்லுக்கும் பூவுக்கும் முன்னால் யாராவது ஒருவர் நின்றாக வேண்டும். வெறும் மரத்தையும் மலையையும் எடுத்து வந்தால் பிலிம் வீண் என்பார்கள். பிலிம் போய்விட்டது, அந்த வழக்கம் போகவில்லை.

அன்று புரட்டாசிச் சனிக்கிழமை. கீழ்வீட்டுக்காரர் பெருமாளுக்குத் தளிகை போட்ட புளியோதரையும் வடையும் எடுத்துக்கொண்டு மாலையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். பூந்தமல்லியில் ஆட்டோ உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். என் மகளைச் சின்ன வயதிலிருந்து தெரியும். அந்த நேரம் அவளிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. அங்கே அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. எல்லோரும் பார்க்கட்டும் என்று என் போனை டிவியோடு இணைத்தேன்.

சாலையோரம் கார். காருக்குள் அவளுடைய அறைத்தோழி. சற்றுத் தள்ளி மூன்று கால் தாங்கியில் கேமரா. அதற்கும் அப்பால் சதுப்பு நிலம், அதன் மறுகரையில் ஒரு பழுப்புப் புள்ளி.

"இன்னா சார், எங்க கீது மானு? எனக்கு ஒண்ணியும் தெர்லயே" என்றார் கீழ்வீட்டுக்காரர்.

"அதோ, அந்தப் புள்ளிதான்."

"அத்தப் பாக்கவா பாப்பா விடியக்காலைல குளுர்ல நின்னுகினு கீது? நம்மூர் எருமையே பெர்சா தெரியும்!"

மகள் சிரித்தாள். "அங்கிள், அது கிட்ட வந்தா நான் இருக்க மாட்டேன்."

என் மனைவிக்குப் புள்ளியில் அக்கறை இல்லை. "உன் மூஞ்சியைக் காட்டுடி. ஒரு வாரமாச்சு பாத்து. அதையும் பின்னாடி வெச்சு நீ நில்லு, அத்தைக்கு அனுப்பணும்."

"திரும்பக் கூடாதும்மா."

"அவ்ளோ தூரத்துல இருக்கு. ஒரே நிமிஷம்."

நானும் தலையாட்டினேன். அவள் போனைத் திருப்பி, விலங்குக்கு முதுகைக் காட்டி நின்றாள். குளிரில் சிவந்த மூக்கு, குல்லாவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த முடி. என் மனைவி சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாள், அவள் பதில் சொன்னாள். அவள் தோளுக்குப் பின்னால் அந்தப் புள்ளி இல்லை. முதலில் அது எனக்கு உறைக்கவில்லை. திரும்பவும் தெரிந்தபோது அது சதுப்புக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தது. கொம்பில் புல்லும் சேறும் தொங்கின.

"ஐயே, நாக்கால நக்கிக்கினே வருது பாரேன்" என்றார் கீழ்வீட்டுக்காரர். "பசி போல. ஒரு வாழப்பயம் குடு பாப்பா."

அதன் காதுகள் பின்னால் ஒட்டிக்கிடந்தன. "ஓடு!" என்று கத்தினேன். டிவியிலிருந்து என் குரலே இரைச்சலாகத் திரும்பி வந்தது. "என்னப்பா? கேக்கல" என்றாள் அவள், சிரித்துக்கொண்டே. அதற்குள் தோழி அலறினாள்.

டிவியில் வானம் தெரிந்தது. மரங்களின் நுனி. ஏதோ இரும்பு நொறுங்கும் சத்தம். ஓர் உறுமல். பிறகு படம் நின்றது, அழைப்பு துண்டிக்கப்பட்டது.

உடனே அழைத்தேன். மணி போகவில்லை. மறுபடி, மறுபடி. போன் டிவியோடு இணைந்தே இருந்ததால் அவள் பெயரும் சிரிக்கும் படமும் சுவர் அளவுக்குப் பெரிதாக வந்து வந்து மறைந்தன. தோழியின் எண் எங்களிடம் இல்லை. வாங்கி வைக்கத் தோன்றவே இல்லை. தண்ணீர் லாரிக்காரர், கேபிள்காரர், எலக்ட்ரீஷியன் என்று என் போனில் எண்களுக்குப் பஞ்சமில்லை. அந்தத் தேசத்தில் என் மகளைத் தவிர ஒருவரையும் என்னால் கூப்பிட முடியாது. பல்கலைக்கழகத்தின் எண்ணைத் தேடி அழைத்தால், சனிக்கிழமை என்பதால் பதிவு செய்த குரல் பேசியது. அதனிடமும் கெஞ்சினேன் என்று நினைக்கிறேன்.

மனைவி சாமி அறைக்கும் போகவில்லை, அழவும் இல்லை. "ஒரே நிமிஷம்னு சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கீழ்வீட்டுக்காரர் என் கையிலிருந்த போனை மெல்ல எடுத்தார். "அண்ணாத்தே, மொதல்ல அந்த டிவிய அமுத்து. அண்ணி பாத்துகினே கீறாங்க." அதுவரை சார் என்றே அழைத்தவர். "சும்மா சும்மா அடிச்சினு இருந்தா பாப்பா கூப்புட்டாகூட லைன் கெடைக்காது. வெச்சிட்டு ஒக்காரு."

உட்கார்ந்தேன். தட்டில் வடை அப்படியே இருந்தது. வெளியே காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி தக்காளி விலையைச் சொல்லிக்கொண்டு போனது. அவள் பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தேன். அங்கே கதவாவது இருந்தது, தட்டிப் பார்க்க. எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது. போன் ஒலித்தபோது தெரியாத எண் தெரிந்தது. கீழ்வீட்டுக்காரர்தான் எடுத்து என் காதில் வைத்தார்.

"அப்பா. கார்ல இருக்கேன்பா. இது அவ போன்."

அதற்குமேல் இரண்டு பக்கமும் அழுகைதான். தோழி போனை வாங்கிச் சொன்னாள். சாலையின் மறுபக்கப் புதருக்குள் ஒரு பெண் மூஸ் நின்றிருக்கிறது. இவர்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. நடுவில் என் மகள். அலறல் கேட்டதும் ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் ஓடியிருக்கிறாள். ஆண் மூஸ் கேமராவையும் தாங்கியையும் முட்டி நொறுக்கி, போனை மிதித்துவிட்டுப் பெண் மூஸின் பின்னால் போய்விட்டது. மகளுக்கு முழங்காலில் தோல் உரிந்ததோடு சரி.

"முதுகு காட்டிட்டேன்பா" என்றாள் கடைசியில். நாங்கள்தான் காட்டச் சொன்னோம் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஐப்பசி பிறந்த பிறகு ஒரு படம் அனுப்பினாள். தோழியின் கேமராவில், காரின் கண்ணாடி வழியாக எடுத்தது. பெரிய சதுப்பு, பெரிய வானம், ஓர் ஓரத்தில் மூஸ். கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தினால் விலங்கு முழுக்க விரலுக்குள் மறைய வேண்டும், அதுதான் பத்திரமான தூரம் என்று கூடவே எழுதியிருந்தாள். நான் போன் திரையின்மேல் விரலை வைத்துப் பார்த்தேன். மறைந்தது. கீழ்வீட்டுக்காரரிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஒண்ணியும் தெர்ல" என்றார். "நல்லாகீது."

குடும்பக் குழுவில் போட்டேன். நடந்தது எதையும் நாங்கள் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. சற்று நேரத்தில் அவளுடைய அத்தை எழுதினாள்: "சூப்பர்மா. நீ எங்கே?"

"காருக்குள்" என்று நானே பதில் எழுதினேன். எழுதி அனுப்பிய கையோடு, அது உண்மைதானா என்று கேட்க அவளை அழைத்தேன்.