தாய்வழி மட்டும் போதும்

போன வருடம் மானிப்பாயில், செம்பருத்தி என்றும் சொல்லும் செவ்வரத்தையின் இலைக்குப் போன இடத்தில் நடந்தது இது. அப்போது நான் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவி. நெருங்கிய உறவுள்ள செவ்வரத்தை வகைகளின் பச்சையவுருமணி மரபணுக்களை ஒப்பிடுவதுதான் என் வேலை. வீட்டில் இதை விளங்கப்படுத்தி நான் வென்றதேயில்லை. பச்சையவுருமணி என்பது இலைக்குப் பச்சை நிறம் கொடுப்பது. செவ்வரத்தையில் அது தாய்ச்செடியிடமிருந்துதான் வரும். மகரந்தம் தரும் தகப்பனுக்கு அதில் பங்கில்லை.

இதழெல்லாம் கிழிந்து தலைகீழாகத் தொங்கும் ஒரு வகை மட்டும் எனக்குக் கிடைக்காமல் இருந்தது. அன்று பஸ்ஸில் போகும்போது ஒரு வீட்டு வேலியில் அதைக் கண்டு, அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி ஓடினேன். வீடு பூட்டியிருந்தது. கேட்காமல் பிடுங்க மனம் வரவில்லை. எதிர்வீட்டு அன்ரியிடம் போனேன்.

"அன்ரி, முன்வீட்டிலை நிக்கிறதைப் பற்றி விசாரிக்க வந்தனான்."

எங்கள் ஊரில் மரமும் நிற்கும், கலியாணத்துக்குப் பெண்ணும் நிற்கும். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அன்ரி உடனே கதிரை போட்டார்.

"ஆருக்குப் பிள்ளை?"

"கம்பசுக்கு அன்ரி."

"ஓ, கம்பசிலையோ! நல்லது."

தேத்தண்ணி வந்தது. "சொந்த இடம் இதுதானோ? கலப்பு ஏதும் இருக்கோ?" என்று நான் என்பாட்டில் கேட்டேன்.

"சீச்சீ, கலப்பெல்லாம் இல்லை. தாய்ப்பகுதி சுன்னாகம், ஒரு குறை சொல்லேலாது. தகப்பன் பகுதிதான்..." என்று குரலைத் தாழ்த்தி இழுத்தார்.

"தகப்பன் தேவையில்லை அன்ரி. தாய்வழி மட்டும் போதும்."

அன்ரி வாயில் கை வைத்தார். "இந்தக் காலத்திலை இப்பிடியும் சனம் இருக்கோ!" என்றபடி உள்ளே போய் யாருக்கோ போன் எடுத்தார். அனுமதி கேட்கிறாராக்கும் என்று நான் தேத்தண்ணியை ரசித்துக் குடித்தேன்.

திரும்பி வந்து, "அப்ப எப்ப பாக்க வாறியள்?" என்றார்.

"பாக்க என்ன இருக்கு? இப்பவே நாலு துண்டு வெட்டிக்கொண்டு போறன். காயவைச்சு அரைக்கவேணும்."

அன்ரி கதிரையோடு பின்னால் போனார்.

நான் வேலியைக் காட்டி விளக்கி முடிப்பதற்குள், சந்தையில் நின்ற முன்வீட்டு அம்மா, அன்ரியின் போனைக் கேட்டு ஓட்டோவில் வந்து இறங்கிவிட்டார். முகமெல்லாம் வியர்வையும் சிரிப்பும். அவருடைய கணவர் குடும்பத்தை விட்டுப் போனவர் என்று அன்ரி என் காதில் சொன்னார். அதனாலேயே மகளுக்கு வந்த கலியாணப் பேச்செல்லாம் நின்றுபோனதாம். நான் வந்தது இலைக்குத்தான் என்பதை நானே சொல்லவேண்டியிருந்தது. சொல்லும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த அம்மா என்னைப் பார்த்தார், செடியைப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தார்.

"விசாரிக்க வந்த எல்லாரும் தகப்பன் எங்கையெண்டுதான் கேட்டவை. தாய் போதுமெண்டு சொன்ன முதல் ஆள் நீர்தான் பிள்ளை. வேண்டிய மட்டும் வெட்டும்."

கத்தியையும் அவரே எடுத்துத் தந்தார்.

அந்தச் செடியின் தகப்பனை நான் கேட்காமல் விட்டது விஞ்ஞானம். அந்தப் பிள்ளையின் தகப்பனைக் கேட்காமல் ஒருவன் அந்த வீட்டு வாசல் படலையைத் திறக்கவேண்டும் என்று இன்றைக்கும் மனதார வேண்டிக்கொள்கிறேன்.