துடுப்பைத் தட்டாத படகு

ஏரிக்கரைப் படகுத்துறையில் அவளுக்கு ‘உஷ் அக்கா’ என்று பெயர். பயணிகள் ஏறி உட்கார்ந்ததும் உதட்டில் விரலை வைத்து அவள் போடும் ‘உஷ்’ஷில் கைக்குழந்தைகூட வாயை மூடிவிடும். வீட்டில் மட்டும் அது செல்லாது. கணவனின் குறட்டை அதற்கு ஒருநாளும் அடங்கியதில்லை.

கல்யாணமாகி வந்தபோது அவளுக்கு நீச்சல்கூடத் தெரியாது. படகோட்டியான மாமனார் படுத்த படுக்கையானதும் அவர் துடுப்பைக் கையில் எடுத்தாள். “பொம்பளை ஓட்டுற படகுல எவன் ஏறுவான்?” என்று கேட்டவர்களே பிறகு தங்கள் விருந்தாளிகளை அவள் படகில் ஏற்றிவிட்டார்கள்.

ஏரி நடுவே மரங்கள் அடர்ந்த ஒரு திட்டு. பருவம் வந்தால் நாரைகள் கிளை தெரியாமல் கூடு கட்டும். படகோட்டிகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. திட்டை நெருங்கியதும் துடுப்பால் படகின் விளிம்பில் ‘டமார்’ என்று தட்டுவார்கள். பறவைகள் ஒட்டுமொத்தமாக எழும்பும். பயணிகள் கைதட்டிப் படம் எடுப்பார்கள். அவளும் தட்டியவள்தான். தாய்ப்பறவை எழும்பிய கூட்டில் காகம் இறங்கி முட்டையைக் கவ்வியதை ஒருநாள் கண்ணால் பார்த்தாள். அத்தோடு தட்டுவதை விட்டாள்.

தொல்லை அதன்பிறகுதான் ஆரம்பித்தது. அவள் படகில் போனவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினார்கள்.

“பக்கத்துப் படகுல எல்லாம் பறக்குது. நம்ம படகுக்கு மட்டும் பறவை லீவா?” என்றார் ஒருவர்.

அந்தப் பக்கத்துப் படகு அவள் கொழுந்தனுடையது. “அண்ணி, ஊரே படம் காட்டும்போது நீங்க மட்டும் திரையை இழுத்து மூடுறீங்களே!” என்று அவன் சிரித்தான்.

ஏரியைப் பார்த்துக்கொண்டு படகுகளுக்கு உரிமம் கொடுக்கும் வனத்துறை ரேஞ்சர் சிரிக்கவில்லை. “நீங்க செய்றது சரிதான்மா. ஆனா வந்தவங்க வருத்தத்தோட போனா திரும்ப வர மாட்டாங்க. ஆள் வராத ஏரிக்குக் காவல் போடவும் மேல யாரும் ஒத்துக்க மாட்டாங்க. இந்த சீசன் பார்ப்போம். இப்படியே போனா உங்க படகு உரிமத்தை வேற ஆளுக்குத்தான் கொடுக்கணும்.”

அன்று முழுக்க அவள் பொருமிக்கொண்டே இருந்தாள். கோபம் ஆறிய பிறகு ஒன்று உறைத்தது. வேண்டாம் என்று மட்டும் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்? தட்டாமல் விட்டதற்குப் பதிலாக அவள் என்னத்தைக் காட்டினாள்? திட்டைச் சுற்றிவிட்டுத் திரும்பினாள், அவ்வளவுதான்.

மறுநாள் அவள் சுற்றவில்லை. திட்டுக்குச் சற்றுத் தள்ளி, தண்ணீரில் நின்ற பட்டமரத்தில் படகைக் கட்டினாள்.

“அந்தத் தாழ்ந்த கிளையைப் பாருங்க. அம்மா மீனோட வரும்.”

“வரலைன்னா?”

“என்னைத் திட்டுங்க. ஆனா மெதுவாத் திட்டுங்க.”

தாய் வந்தது. குஞ்சுகள் முண்டியடித்து அதன் அலகைப் பற்றி இழுத்தன. “நம்ம வீடு மாதிரியே இருக்குங்க. மூத்தது எப்படித் தள்ளுது பாருங்க!” என்று ஒரு பெண் கணவனின் கையைப் பிடித்துக் கிசுகிசுத்தாள். புறப்படலாமா என்று கேட்டபோது யாரும் அசையவில்லை.

“எப்படி இருந்துச்சு?” என்று கரையில் ரேஞ்சர் கேட்டார். அந்தக் கணவர் அவர் காதருகே குனிந்து, “பிரமாதம் சார்” என்றார்.

“அதை ஏன் ரகசியமாச் சொல்றீங்க?”

“அட, இன்னும் படகுலயே இருக்கிற நெனப்பு!”

எல்லோரும் அப்படி இல்லை. ஒண்ணும் பறக்கவில்லை என்று முறைத்தவர்களும் உண்டு. ஆனாலும் அவள் படகுக்குக் காத்திருக்கும் வரிசை நீண்டது. ரேஞ்சர் பிறகு உரிமத்தைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

அடுத்த பருவத்தில்தான் அது நடந்தது. அவள் படகு நிற்கும் பக்கத்து மரங்களில், தண்ணீரை ஒட்டிய கிளைகள்வரை நாரைகள் கூடு கட்டின. குஞ்சின் அலகு நிறம்கூட வெறும் கண்ணுக்குத் தெரிந்தது. மற்றவர்கள் தட்டிக்கொண்டிருந்த பக்கம் கிளைகள் மொட்டையாக நின்றன. அங்கே எவ்வளவு தட்டினாலும் எழும்ப எதுவும் இல்லை.

இனி யாரும் துடுப்பைத் தட்டக் கூடாது, எல்லாப் படகும் தள்ளியே நிற்க வேண்டும் என்று ரேஞ்சர் உத்தரவு போட்டார். எங்கெங்கே நிற்பது என்று காட்ட அவளையே முன்னால் போகச் சொன்னார்.

மறுநாள் அவள் படகு முன்னே சென்றது. மற்ற படகுகள் வரிசையாகப் பின்னே வந்தன. அவள் முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது.

“அண்ணி, இங்கேயே நிறுத்திரவா?” கொழுந்தன் பின்னாலிருந்து கத்தினான்.

“நிறுத்து தம்பி. முதல்ல வாயை நிறுத்து, அப்புறம் படகை!”