ஒரு சொட்டு மழை இல்லாமல் ஓடையில் வெள்ளம் வந்த மதியம்

இன்று மதியம், தேவதானம் பக்கத்து மாந்தோப்பில்...

வந்த வேகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: ராஜபாளையத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். தினமும் வானிலை அறிக்கையைப் பார்த்து, நம் பக்கத்துக்கு என்ன என்று நாலு வரி இங்கே எழுதுவேன். (வீட்டுக்காரர் எனக்கு வைத்த பெயர் ‘வானிலை ஆபீஸ்’.)

இன்று காலையும் எழுதினேன். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் மதியத்துக்கு மேல் இடியோடு கனமழை வரலாம், ஓடைப் பக்கம் போகாதீர்கள் என்று.

எழுதிய நானே போனேன்!

காரணம் நூர்ஜஹான். பக்கத்து வீடு. அவளும் அவள் வீட்டுக்காரரும் இந்த வருஷம் தேவதானம் பக்கம் ஓடைக்கரையில் ஒரு மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார்கள். பன்னிரண்டு மணிக்கு வாசலில் வந்து நின்றாள்.

“அக்கா, காயைப் பறிச்சு ஓடை மணல்ல குமிச்சிருக்கு. நீங்க வேற மழைன்னு போட்டிருக்கீங்க. ஒரு எட்டு வந்து பாத்துச் சொல்லுங்கக்கா.”

அண்ணாந்து பார்த்தேன். சித்திரை வெயில். ஒரு மேகம் இல்லை.

ஊறுகாய்க்குக் காயும் கிடைக்கும் என்று (உண்மையைச் சொல்லிவிட வேண்டும்!) அவள் ஸ்கூட்டரில் ஏறிவிட்டேன்.

ஓடை காய்ந்து கிடந்தது. நிழல் விழுந்த மணலில் ஐந்து பெண்கள் உட்கார்ந்து மாங்காய்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மலை உச்சி மட்டும் தெரியவில்லை. கறுப்புத் துணி போட்டு மூடின மாதிரி இருந்தது. இடிச் சத்தம்கூட இல்லை.

போய்ப் பத்து நிமிஷம் இருக்கும். திடீரென்று காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

பிறகுதான் புரிந்தது. அதுவரை மரங்களில் இரைந்துகொண்டிருந்த சில்வண்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் நிறுத்திவிட்டன.

பாறை இடுக்கில் ஒரு சின்னக் குட்டை, பெண்கள் கை கழுவுகிற தண்ணீர். தோப்புக் காவல்காரர் சீனி அண்ணன் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, இதுல யாரும் எறங்குனீகளா?”

“இல்லையே. என்னண்ணே?”

“கலங்குதே.”

யாரும் தொடாமலே தண்ணீர் டீ நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது.

 மலையில் மழை கொட்டினால் கீழே ஓடைத் தண்ணீர் முதலில் கலங்கும் என்று எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்! கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

“எல்லாரும் மேல ஏறுங்க! மலையில பேஞ்சிருக்கு!” என்று கத்தினேன்.

“வெயில் மண்டையப் பொளக்குது, வெள்ளம் வருதாம்ல!” என்று ஒருத்தி சிரித்தாள்.

நூர்ஜஹான் சிரிக்கவில்லை. அந்தக் குவியல்தான் அவர்கள் வீட்டுக்கு ஒரு வருஷத்துச் சோறு. ஒரே ஒரு தடவை அதைப் பார்த்தாள்.

“காயை விடுங்க! அப்படியே போட்டுட்டு ஏறுங்க!”

ஏறினார்கள். அவர்களில் முத்துலட்சுமி மட்டும் பாதிக் கரையிலிருந்து திரும்பி இறங்கினாள்.

“போனு கூடையில கெடக்குக்கா. இந்தா வாரேன்!”

அப்போதுதான் பார்த்தேன். ஓடை திரும்புகிற இடத்தில் சருகுகள் நகர்ந்து வந்தன.

காற்று இல்லை. மரத்தில் ஒரு இலை அசையவில்லை.

ஆனால் ஓடை அகலத்துக்கும் சருகெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, பாய் விரிகிற மாதிரி, மணலில் ஊர்ந்து எங்களை நோக்கி வந்தது. அடியில் தண்ணீர் இருக்கிறது என்பதே முதலில் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் சத்தம். லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற சத்தம்!

“ஏட்டி முத்து! கரைக்கு வராத! பாறை மேல ஏறு!” என்று சீனி அண்ணன் அலறினார்.

போனும் கையுமாக, ஓடை நடுவில் கிடந்த பாறையில் ஏறிவிட்டாள். மூச்சு விடுவதற்குள் அவளைச் சுற்றிலும் வெள்ளம். முதலில் கணுக்கால், அப்புறம் முழங்கால். பச்சை மாங்காய்கள் அவள் காலை இடித்துக்கொண்டு சுழன்று போயின.

தலைக்கு மேல் அதே வெயில். அவள் நிழல் வெள்ளத்தின் மேல் அப்படியே விழுந்து கிடந்தது.

நூர்ஜஹான் தீயணைப்புக்குப் போன் போட்டாள். சீனி அண்ணன் லோடு கட்டுகிற கயிற்றை மரத்தில் கட்டி, நுனியில் ஒரு கட்டையை முடிந்து எறிந்தார். மூன்றாவது தடவைதான் பிடித்தாள். இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

“எறங்கிராத தாயி. வடியட்டும். நீ நின்னாப் போதும்.”

அந்த நேரம் பார்த்து அவள் கையிலிருந்த போன் அடித்தது.

எடுத்தாள்! இரைச்சலுக்கு மேல் சத்தமாகப் பேசினாள். மகள் என்று எங்களுக்குப் புரிந்தது.

“ஆங், சொல்லு பாப்பா... தோப்புலதான் நிக்கேன்... இரைச்சலா? மோட்டார் ஓடுதுட்டி... கத்திரிக்காய் கெடக்கும் பாரு, புளிக்கொழம்பு வையி. உப்பைக் கொறச்சுப் போடு. செத்த நேரத்துல வாரேன்.”

போனை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். 

முக்கால் மணி நேரம் அப்படியே நின்றாள்.

வெள்ளம் வந்த மாதிரியே போய்விட்டது. முழங்கால், கணுக்கால், அப்புறம் ஈரப் பாறை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளாகவே நடந்து கரை ஏறினாள். நூர்ஜஹான் அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். குவியல் இருந்த இடத்தில் ஒரு காய்கூட இல்லை. அந்தப் பக்கம் நூர்ஜஹான் திரும்பவே இல்லை.

தீயணைப்பு வண்டி வந்தபோது முத்துலட்சுமி உட்கார்ந்து சேலையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

கேட்காமல் இருக்க முடியவில்லை. “பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா அவ ஓடி வந்து தூக்கவா போறா? நான் போயிட்டேன்னு வைங்க. அம்மா அலறுனதுதான் ஆயுசுக்கும் அவ காதுல கெடக்கும். அதுக்குக் கொழம்புப் பேச்சு தேவலைல்லக்கா.”

சொல்லிவிட்டு அடுத்த சேலை மடிப்பைப் பிழிய ஆரம்பித்தாள்.

எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். வீட்டுக்கு வந்ததிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா?