காயாத துப்பட்டா

ஜேக்கபாபாத்தில் வெயிலைப் பற்றிப் புலம்புகிறவர்களைச் சபாகிக்குப் பிடிக்காது. ஐம்பது டிகிரியிலும் முற்றத்து அடுப்பில் ரொட்டி சுடுகிறவளுக்கு அதில் பேச என்ன இருக்கிறது? அவள் வயிறு எரிந்தது வேறொன்றுக்காக. ஓரகத்தி ரபேலுக்கு அவள் புருஷன் கராச்சியிலிருந்து கொண்டுவந்து இறக்கிய ஏர்கூலர்.

நாற்று நட்டு, எருமை மேய்த்து, நாலு பிள்ளை பெற்றவள் இவள். நேற்று வந்தவளுக்குக் காற்று! அதன் தொட்டிக்குச் சபாகியின் புருஷன் பச்சல், கழுதைவண்டியில் உப்பில்லாத தண்ணீர் கொண்டுவருவான். தூக்கி ஊற்றுவது சபாகி. ஊற்றியதும், "குளிர்ச்சி வெளியே போயிடும்க்கா" என்று ரபேல் கதவைச் சாத்துவாள்.

மே மாதம் முழுக்க அந்தக் கதவைப் பார்த்துப் பொருமினாள். நனைத்துப் போர்த்திய துப்பட்டா நாலு ரொட்டி வேகுமுன் காய்ந்துவிடும். காயும் வரைக்கும் உடம்பு குளிரும். அவளுக்கு வாய்த்த கூலர் அவ்வளவுதான்.

முன்பெல்லாம் ஜூலையில் வரும் புழுக்கம் இந்த வருஷம் ஜூன் பாதியிலேயே வந்துவிட்டது. வெயில் நாற்பத்திரண்டுக்கு இறங்கியதும் தெருவே நிம்மதி என்றது. சபாகி கொடியைப் பார்த்தாள். விடிகாலையில் நனைத்துப் போட்ட துப்பட்டா பத்து மணிக்கும் ஈரமாகவே தொங்கியது. தம்பி வயலில் சுருண்டு விழுந்து செத்தது இப்படியொரு நாளில்தான். துணி காயாத நாளில் வியர்வையும் காயாது, சூடு உடம்பை விட்டு இறங்காது. மூடிய அறையில் கூலர் இன்னும் ஈரத்தைத்தான் கக்கும்.

முந்தின நாளே சொல்லிப் பார்த்திருந்தாள். "கொடியில துணி காயல பாரு. கதவத் தொறந்து வைடி, கூலர நிறுத்து."

"காத்து வேணும்னா நேரா கேளுக்கா. சும்மா கண்ணு வைக்காத" என்று ரபேல் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு இன்னும் உறுத்தியது. அனுபவிக்கட்டும் என்று, மறுபடி சொல்லாமல் மாவைப் பிசைந்தாள். ரொட்டி சுட்டு அடுக்கினாள். மதியம் ரபேல் சாப்பிட வரவில்லை. கூப்பிட்டாள், கூலரின் இரைச்சல் மட்டும் கேட்டது.

சபாகி எழுந்து ஓடினாள். கதவை உதைத்துத் திறந்தாள். தரையில் கிடந்தவளின் உடம்பு அனலாகக் கொதித்தது, சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அக்குளில் கைகொடுத்து இழுத்து வேப்பமரத்தடியில் போட்டாள். அடிபம்பின் உப்புத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினாள். முறத்தை எடுத்து மணிக்கட்டு வலிக்க வலிக்க விசிறினாள். வெகுநேரம் கழித்துத்தான் ரபேல் கண் திறந்தாள்.

முதலில் அவள் பார்த்தது கொடியை. "காலையிலேயே தெரியுமாக்கா?"

"தெரியும்."

ரபேல் கொடியிலிருந்து கண்ணை எடுத்தாள். பிறகு மெல்ல, "இன்னிக்கும் சொல்லியிருந்தாலும் தொறந்திருக்க மாட்டேன்" என்றாள்.

"அதுவும் தெரியும்" என்றாள் சபாகி, விசிறுவதை நிறுத்தாமல். "சொல்லாம இருக்க அது எனக்கு வசதியாப் போச்சுடி."